வாயில்லாத நடத்துநரின் மகள்

பாப்பாவுக்குப் பாட்டு வந்தது ரத்தத்தில் அல்ல. தற்காப்புக்காக வந்தது.

அவள் அப்பா நகரப் பேருந்தில் நடத்துநர். பேச்சு அவருக்கு மூச்சு மாதிரி. மூச்சையாவது தூக்கத்தில் கொஞ்சம் மெதுவாக விடுவார், பேச்சை விடமாட்டார். பல் துலக்கும்போது நுரையோடு பேசுவார். வீட்டில் உப்பு தீர்ந்துபோயிற்று என்று சொல்ல அம்மா வாயைத் திறந்தால், உப்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கடலுக்குப் போவார், அங்கிருந்து கப்பலுக்கு, கப்பலில் வேலை பார்த்த சிநேகிதனுக்கு, அவனுடைய இரண்டாம் கல்யாணத்துக்கு. உப்பில்லாத சாப்பாடு தட்டில் விழுந்த பிறகுதான் கரைக்குத் திரும்புவார். யாராவது பாடினால் மட்டும் அந்த மனிதர் வாயை மூடுவார். பாட்டுக்கு நடுவே பேசுவது மரியாதையில்லை என்பது அவர் கொள்கை. ஆகவே பாப்பா, பேச்சு திருந்தி வருவதற்கு முன்பே, தனக்குப் பசிக்கிறது என்பதை ராகம் போட்டுச் சொல்லப் பழகிக்கொண்டாள்.

வளர்ந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வில்லைகளை மெஷினில் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. மெஷினின் இரைச்சலுக்கு ஈடுகொடுத்துப் பாடுவாள். குரல் மோசமில்லை, நல்ல குரல் என்று கற்பூரம் அடித்துச் சொல்லவும் முடியாது. "உங்க கண்ணாடி நாளைக்குத்தான் கிடைக்கும்" என்பதைக் கேட்டுச் சலித்த வாடிக்கையாளர்கள், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "நல்லா பாடுறியேம்மா" என்பார்கள். பாப்பா அதைச் சங்கீத விமர்சனமாக எடுத்துக்கொண்டாள். வந்தது வினை.

தொலைக்காட்சியில் 'குரல் மகுடம்' என்றொரு போட்டி. அதன் தேர்வுக்குப் போய் வெயிலில் காலையிலிருந்து வரிசையில் நின்றாள். மூன்று பேர் உட்கார்ந்திருந்த மேசைக்கு முன்னால் நாலு வரி பாடினாள். ஒருவர் போன் பேசிக்கொண்டிருந்தார், ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாமவர், "அடுத்து கதை அறைக்குப் போங்க" என்று கையைக் காட்டினார்.

கதை அறையில் கதை ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியில் ஓர் இளைஞர் இருந்தார். மென்மையான ஆள். அவருடைய கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. கோணிய கண்ணாடியைப் பார்த்தால் பாப்பாவுக்குக் கை துறுதுறுக்கும். கேட்டு வாங்கி, காதுக் கம்பியை வளைத்து நேராக்கிக் கொடுத்தாள். உலகம் நேராகத் தெரிந்ததில் அவருக்கு அவள்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

"பாட்டு பரவாயில்லைம்மா. கஷ்டம் என்ன வச்சிருக்கே?"

"கஷ்டம்னா?"

"வீட்ல. யாராவது படுத்த படுக்கையா இருக்காங்களா?"

"ஞாயித்துக்கிழமைன்னா அம்மா கொஞ்சம் லேட்டா எந்திரிப்பாங்க."

"அப்பா குடிப்பாரா?"

"டீ நிறைய குடிப்பார்."

"வீடு ஒழுகுமா?"

"ஒழுகிட்டிருந்துச்சு. போன வருஷம் சரி பண்ணிட்டோம்."

"ஏம்மா சரி பண்ணீங்க?" என்றார் உண்மையான வருத்தத்தோடு. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு புத்தி சொன்னார். "இங்க பாரும்மா. பாட்டு யாருக்கு வேணா வரும், கத்துக்கிட்டா வந்துடும். கஷ்டம் அப்படியில்லை, அது பிறவியிலேயே அமையணும். போன வருஷம் ஜெயிச்ச பையனுக்கு ஒரு சுரம் ஒழுங்கா நிக்காது. ஆனா ரெண்டு தடவை வீடு தீப்பிடிச்சிருக்கு. அதைத்தான் நாங்க திறமைன்னு சொல்றோம்."

பாப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது. எழுந்து வெளியே போனால் வில்லை தேய்க்கும் மெஷின்தான். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, "எங்க வீட்ல பெரிய பிரச்சினைன்னா அது அப்பாவோட பேச்சுதாங்க" என்றாள்.

கதை ஒருங்கிணைப்பாளர் நிமிர்ந்தார். "பேச்சுல பிரச்சினையா? பேச வராதா?"

இந்த இடத்தில் பாப்பா "ஐயோ, நிறுத்த வராதுங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு விநாடி இருந்தது. அந்த ஒரு விநாடியில் அவள் நகரம் முழுக்க ஒட்டப்பட்ட தன்னுடைய சுவரொட்டியைப் பார்த்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டாள். தலை குனிந்ததைக் கஷ்டத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைப் பாடித்தான் சொன்னாள். அப்பா முழுக்கக் கேட்டார்.

"ஊமையா? நானா?" என்று ஆரம்பித்தார். "சரி, உனக்காகப் பேசாம இருக்கிறது என்ன பெரிய விஷயம்? பேசாம இருக்கிறதைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த ஊர்ல எவனுக்கும் தெரியாது. எங்க டிப்போவுல ஒருத்தர் இருந்தார், வாயைத் திறக்கவே மாட்டார், அவருக்கு என்னாச்சு தெரியுமா..." சாப்பாடு ஆறும் வரை பேசாமையைப் பற்றிப் பேசினார்.

அம்மா ஒரே ஒரு இடைவெளி கிடைத்தபோது அதில் நுழைந்தாள். "ஒத்துக்கோங்க. ரொம்ப யோசிக்காதீங்க. ஒத்துக்கோங்க."

முதல் நிகழ்ச்சி ஒளிபரப்பானது. பாப்பாவின் பாட்டு கொஞ்ச நேரம் வந்தது. அப்பா பேருந்துப் படியில் நின்று மெதுவாக, மிக மெதுவாக, விசில் ஊதும் காட்சி அதைவிட நீளமாக வந்தது. பின்னணியில் வயலின் அழுதது. பாப்பாவுக்கு 'மௌனத்தின் மகள்' என்று பட்டம் கொடுத்தார்கள். தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது பவர் இல்லாத வெறும் கண்ணாடி என்பது பாப்பாவுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. கழற்றுவதற்கென்றே போட்டிருந்தார்.

"நாப்பது வருஷமா இசையில இருக்கேன்" என்றார் அவர். "எவ்வளவோ பேர் பாடிக் கேட்டிருக்கேன். ஆனா இந்தப் பொண்ணு பாடும்போது மட்டும்தான் நான் பாட்டையே கேக்கலை. அந்த அப்பாவையே பாத்துக்கிட்டிருந்தேன். இதுதாங்க இசை."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பாப்பாவும் தட்டினாள். யாருக்குத் தட்டுகிறோம் என்பது பாதியில்தான் உறைத்தது.

மறுநாளிலிருந்து அவளுக்கு ஒரே உதறல். அப்பாவின் பேருந்தில் வருஷக்கணக்காகப் போய்வருகிற பயணிகள் இருக்கிறார்கள். அந்த வாயைக் கேட்காத காது அந்தத் தடத்திலேயே கிடையாது. யாராவது ஒருவர் உண்மையை உடைத்துவிட்டால்? கதை ஒருங்கிணைப்பாளரோ கேமராவையே அந்தப் பேருந்துக்குள் அனுப்பிவிட்டார். "இவர் பேசி நீங்க கேட்டதுண்டா?" என்று ஒவ்வொருவர் முகத்துக்கும் மைக்கை நீட்டினார்கள். ஆஸ்பத்திரி நர்ஸம்மா, "ஒரு வார்த்தை கேட்டதில்லை" என்றாள். பள்ளிக்கூட வாத்தியார், "பாவம்" என்றார். ஓட்டுநர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு, "இவர் குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க" என்று கண் கலங்கினார்.

பாப்பா அதைத் தொலைக்காட்சியில் பார்த்து நெகிழ்ந்துபோனாள். தன் பாட்டின்மேல் மக்களுக்கு எவ்வளவு அன்பு இருந்தால் இப்படி ஒட்டுமொத்தமாகப் பொய் சொல்வார்கள் என்று நினைத்தாள். அன்று கடையில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடிகள் அத்தனையின் முன்னாலும் நின்று அடக்கமாகச் சிரிக்கப் பழகினாள். பக்கவாட்டில் பார்த்தால் அடக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. கடை முதலாளி அவள் படத்தைப் பெரிதாக மாட்டி, 'மௌனத்தின் மகள் அணியும் கண்ணாடி இங்கே கிடைக்கும்' என்று எழுதினார். அவளுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. மறுநாளிலிருந்து அவளும் ஒரு வெறுங்கண்ணாடி போட்டுக்கொண்டு போனாள்.

அப்பாவின் புகழ் அவளை முந்திக்கொண்டு ஓடியது. போக்குவரத்து அலுவலகத்தில் அவருக்குப் பாராட்டு விழா. மேலதிகாரி மாலை போட்டுவிட்டுச் சொன்னார்: "சம்பளம் பத்திப் பேச மாட்டார், லீவு பத்திப் பேச மாட்டார், ஓட்டை வண்டி பத்திப் பேச மாட்டார். இப்படிப்பட்ட ஊழியரைத்தான் இந்த நிர்வாகம் ரொம்ப நாளா தேடிக்கிட்டிருந்துச்சு. மத்தவங்களும் இவரைப் பாத்துக் கத்துக்கணும்." தொண்டை மிட்டாய் கம்பெனி ஒன்று அப்பாவை விளம்பரத்துக்குக் கூப்பிட்டது. பேச்சு வராதவருக்குத் தொண்டை மிட்டாய் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தார்.

வீட்டிலும் அவரால் பேச முடியவில்லை. எதிர்வீட்டு மாடியை ஒரு கேமராக்காரர் வாடகைக்கு எடுத்திருந்தார். வீட்டைச் சுற்றி எப்போதும் ரசிகர்கள். அப்பா குளியலறைக்குள் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுப் பேசுவார். தண்ணீர் தொட்டி சீக்கிரம் காலியாகிவிடும். பேச்சு பாதியில் நிற்கும்.

அம்மாவின் முகத்தில்தான் ஒரு தெளிச்சி வந்தது. "கல்யாணத்தன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சேன்" என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது. அப்பா ஆவலாகப் பார்த்தார். "அந்தச் சட்டை உங்களுக்கு நல்லா இல்லை. அதான்." சொல்லி முடித்துவிட்டு ஒரு பாரத்தை இறக்கிவைத்தவள் மாதிரி தண்ணீர் குடித்தாள்.

வாரா வாரம் ஓட்டுப் போட்டு ஆட்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போட்டியில் ஒரு பெண் இருந்தாள், பூக்கடைக்காரரின் மகள். அவள் பாடினால் விளக்குக் கட்டுகிற ஆட்கள் ஏணியிலேயே நின்றுவிடுவார்கள். பாப்பாவுக்குக்கூட அவள் பாடும்போது மெஷின் இரைச்சல் மறந்து போகும். ஆனால் அந்த வீட்டில் எல்லோரும் ஆரோக்கியமாக இருந்தார்கள். கதை ஒருங்கிணைப்பாளர் எவ்வளவோ தோண்டிப் பார்த்தும் ஒரு சளி இருமல்கூட அகப்படவில்லை. அவளை வெளியே அனுப்பிய அன்று பாப்பா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினாள். அவ்வளவு நன்றாகத் தூங்கியதை நினைத்துப் பிற்பாடு பல நாள் அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்பது வேறு விஷயம்.

இறுதிச் சுற்று நெருங்கும் சமயம் அப்பாவின் பேருந்தில் ஒரு தையல்காரர் ஏறினார். பிறவியிலேயே பேச்சு வராதவர். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, தன் இனத்து ஆள் ஒருவர் கிடைத்தார் என்று இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார். ஏறியதும் முகமெல்லாம் மலர, கைகளால் மளமளவென்று பேசத் தொடங்கினார். அப்பாவுக்கு ஒரு சைகையும் புரியவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்று அவரும் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தையல்காரரின் கைகள் மெல்ல நின்றன. அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காசை நீட்டி, ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பா பாப்பாவைக் குளியலறைக்குள் கூப்பிட்டுக் குழாயைத் திறந்தார்.

"அவருக்குத் தெரிஞ்சு போச்சு பாப்பா."

"யார்கிட்டயாவது சொல்லிடுவாராப்பா?"

"நானும் அதைத்தான் நினைச்சேன். அவரால யார்கிட்ட சொல்ல முடியும்னு ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதிதான்..." அப்பா ஒரு வாக்கியத்தைத் தானாகவே பாதியில் விட்டதை பாப்பா அன்றுதான் பார்த்தாள். தொட்டியில் தண்ணீர் மீதமிருந்தது.

கடைசியில் அவரே சொன்னார். "மேடையில உண்மையைச் சொல்லிடலாம்னு இருக்கேன். நீ தோத்துடுவ. சிரிப்பாங்க. பரவாயில்லையா?"

பாப்பா உடனே "சொல்லுங்கப்பா" என்று சொன்னதாகப் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லிவந்தாள். உண்மையில் கொஞ்ச நேரம் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரொட்டி, கோப்பை, அடக்கமான சிரிப்பு எல்லாம் ஒரு தடவை வந்து போயின. பிறகுதான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள்.

அவர்கள் தேடிப் போகாமலே வழி கிடைத்தது. கதை ஒருங்கிணைப்பாளர் ஒரு புதுத் திட்டத்தோடு வந்தார்.

"இறுதிச் சுற்றுல நீ கடைசிப் பாட்டு பாடி முடிக்கிறே. அப்பா முதல் வரிசையில இருந்து எழுந்து மேடைக்கு வர்றார். உன் பாட்டோட சக்தியால அவருக்குப் பேச்சு வருது. ஒரே ஒரு வார்த்தை. 'மகளே'. அதுக்கு மேல வேண்டாம்."

"எங்கப்பா என்னை பாப்பான்னுதான் கூப்பிடுவார்."

"மகளேதாம்மா உருக்கமா இருக்கும்."

இறுதிச் சுற்று. பாப்பா பாடினாள். பயத்தில் அன்று வழக்கத்தைவிடச் சுமாராகவே பாடினாள். அப்பா மேடைக்கு வந்தார். மைக்கைக் கையில் வாங்கினார். மூன்று மாதம் மூடிவைத்த வாய்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார் கணீரென்று. "நான் ஊமை இல்லைங்க."

அரங்கம் இடிந்து விழுவதுபோல் ஒரு சத்தம். பெண்கள் தேம்பினார்கள். தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றி வீசிவிட்டு மண்டியிட்டார். "முதல் வார்த்தையைப் பாருங்க. 'நான் ஊமை இல்லை.' எவ்வளவு தன்னம்பிக்கை."

"ஐயா, நான் பொறந்ததுலேருந்தே பேசுறவன். இது பொய். இவங்கதான் என்னைப் பேசாதேன்னு சொன்னாங்க."

"ஆமாங்க" என்றார் நடுவர் தழுதழுத்து. "இந்தச் சமூகம்தான் உங்களைப் பேசாதேன்னு சொல்லுச்சு."

எழுந்து நின்று கைதட்டினார்கள். பாப்பா அப்பாவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். "தயவுசெஞ்சு கேளுங்க. எங்கப்பா வீட்ல வாயே மூட மாட்டார். எப்பவும் பேசிக்கிட்டேதான் இருப்பார். நான் பொய் சொன்னேன்."

"அந்த மகளோட மனசுல அவர் எப்பவும் பேசிக்கிட்டேதான் இருந்திருக்கார்" என்றார் நடுவர் கேமராவைப் பார்த்து. அதற்கு மேல் அவராலும் பேச முடியவில்லை. விளம்பர இடைவேளை விட்டார்கள். தொண்டை மிட்டாய்.

இடைவேளை முடிந்ததும் தொலைக்காட்சி நிறுவனத்தின் இயக்குநரே மேடையேறினார். கையில் கோப்பை. "பல பேர் கேக்கறாங்க, இந்த நிகழ்ச்சியில நடக்கிறதெல்லாம் உண்மையான்னு. நான் சொல்றேன், உண்மைமேல எங்களுக்கு ரொம்ப மரியாதை. அதனாலதான் அதைத் தொடறதே இல்லை." கோப்பையை பாப்பாவின் கையில் திணித்தார். மேலிருந்து வண்ணக் காகிதம் கொட்டியது. அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மைக்கை அணைத்துவிட்டிருந்தார்கள், அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. விளக்குகளை இறக்க வந்த ஆட்களுக்குக் கப்பலில் வேலை பார்த்த சிநேகிதனின் கதை கிடைத்தது.

அதன் பிறகு பாப்பா புகழோடு இருந்தாள். கடை திறப்புகளுக்குக் கூப்பிட்டார்கள். யாரும் பாடச் சொல்லவில்லை. அப்பாவையும் கூட்டிவந்து "நான் ஊமை இல்லைங்க" என்று ஒரு தடவை சொல்லச் சொன்னால் போதும் என்றார்கள். உண்மையை யாரிடம் சொன்னாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

நெஞ்சில் உறுத்தல் தாங்காமல் ஒரு நாள் காலை அவள் அப்பாவின் பேருந்தில் ஏறினாள். இந்த மனிதர்களிடமாவது வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. தனக்காகப் பொய் சொன்னவர்கள், தன் பாட்டுக்காக வாரா வாரம் ஓட்டுப் போட்டவர்கள். ஓட்டுநருக்கு இடதுபுறத்து முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பின்னால் அப்பாவின் குரல் கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பயணி நிறுத்தம் கேட்டதற்கு அந்த நிறுத்தத்துக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பயணி இறங்க வேண்டிய இடம் போய்விட்டது.

பாப்பா எழுந்து நின்றாள். "உங்ககிட்ட எல்லாம் ஒரு உண்மையைச் சொல்லணும். எங்கப்பாவுக்கு எப்பவுமே..."

"உக்காரும்மா" என்றார் ஓட்டுநர், சாலையைப் பார்த்தபடியே. "எங்களுக்குத் தெரியாதா? இருபது வருஷமா என் முதுகுக்குப் பின்னாடி இந்த வாய் ஓடுது. இன்ஜின் சத்தம் எப்படி இருக்கும்னே எனக்கு அந்த மூணு மாசத்துலதான் தெரிஞ்சுது."

நர்ஸம்மா முன்னால் நகர்ந்து வந்தாள். "நான் ராத்திரி டூட்டி முடிச்சு வர்றவம்மா. அந்த மூணு மாசம்தான் பஸ்ல தூங்கினேன்."

"நான் பரீட்சைப் பேப்பர் அத்தனையும் பஸ்லயே திருத்தி முடிச்சேன்" என்றார் வாத்தியார்.

பாப்பாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்போ நீங்க போட்ட ஓட்டு?"

"நீ வெளிய போயிட்டா அப்பா பேச ஆரம்பிச்சுடுவாரே" என்றார் ஓட்டுநர். "விட முடியுமா? டிப்போவுல எல்லார்கிட்டயும் பேசினேன். நம்ம தடம் மட்டும் இல்லை, உங்கப்பா இதுக்கு முன்னாடி வேலை பாத்த தடங்கள்லேருந்தும் ஆளுங்க தானா வந்து சேந்தாங்க. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி ஓட்டுப் போட வச்சாங்க. இறுதிச் சுற்று வருதுன்னதும் எங்களுக்கெல்லாம் ஒரே துக்கம்."

பாப்பா மெதுவாகக் கேட்டாள். "என் பாட்டு?"

ஓட்டுநர் நியாயமான மனிதர். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டு உண்மையாகவே யோசித்தார். "பொய் சொல்லக் கூடாது. பாட்டு வரைக்கும் நாங்க பாத்ததில்லைம்மா. எந்த நம்பருக்கு ஓட்டுப் போடணும்னு தெரிஞ்சதும் டிவியை அணைச்சுடுவோம்."

பாப்பா இருக்கையில் சாய்ந்தாள். முதலில் அழுகை வரும்போல இருந்தது. வந்தது சிரிப்பு. போட்டிருந்த வெறுங்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தலைமை நடுவரைப் போலவே கழற்றினோம் என்பது தெரிந்ததும் சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று. பின்னால் அப்பா, மகள் சிரிப்பதைப் பார்த்து, தன் கதைக்குத்தான் சிரிக்கிறாள் என்று சந்தோஷப்பட்டு அதே கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். பேருந்து முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது.

விளக்கு பச்சையானது. ஓட்டுநர் கியரைப் போட்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, உங்கம்மா பாடுவாங்களா?"